பகல் ஒன்று ஐம்பது

என் அத்தானை எங்கள் மலையேறுவோர் சங்கத்தில் 'நூறு' என்றுதான் கூப்பிடுவார்கள். நூறு உச்சி தொட்டவர். வாரநாளெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கிற உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலை. "வாரம் பூரா மெஷின் என்னைத் தூக்குது, ஒரு நாளாவது நானே என்னைத் தூக்க வேண்டாமா?" என்று கூட்டங்களில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். எத்தனையாவது தடவை கேட்டாலும் நானும் சிரிப்பேன். அக்கா புருஷன் என்பதற்காக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையில் கணுக்கால் முறிந்து கிடந்த என்னைக் காப்பாற்றியவர் அவர். உயிரைக் காப்பாற்றியவரின் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

நான் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். முன் அறையில் கம்ப்யூட்டரும் நானும், பின் அறையில் மெஷினும் முதலாளியும். முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் 'ஒற்று'. கல்யாணப் பத்திரிகையோ கட்சி நோட்டீஸோ, எங்கே வல்லெழுத்து மிகும், எங்கே மிகாது என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் அச்சுக்கு ஏற்றுவார். அந்த வருஷம் சங்கத்துக்கு வெள்ளிவிழா. மலர் எங்கள் அச்சகத்தில்தான் தயாரானது. 'மறக்க முடியாத ஏற்றம்' என்று ஒரு பகுதி. உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுத வேண்டும்.

அத்தான் எழுதிக்கொண்டு வரவில்லை. நேரே வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"'கணவாய்க்குக் கொஞ்சம் கீழே என் மச்சினி கால் தவறி விழுந்தாள். கதறினாள்.' போட்டியா?"

"நான் கதறல அத்தான்."

"கொஞ்சம் கதறினாத்தான் கதை நிக்கும். போடு."

போட்டேன்.

"'அவளைப் பாறை மறைவில் உட்கார வைத்துவிட்டுக் குறுக்கு வழியாக ஓட ஆரம்பித்தேன். பத்தாவது நிமிஷம் மேகம் மூடிவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. மூன்றரை மணி நேரம், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், மலைப்பாதையில்…'"

"மலைக்கு அப்புறம் 'ப்' வரும்" என்று பின் அறையிலிருந்து குரல்.

"வந்திருக்கு ஐயா!" என்று கத்தினேன்.

அத்தான் திரையில் குனிந்து, 'மச்சினி' என்பதற்கு முன்னால் 'அனுபவமில்லாத' என்று சேர்க்கச் சொன்னார். அதற்கு முன்பே பதினொரு மலை ஏறியவள் நான். அதுவும் அவருக்குத் தெரியும். எரிச்சல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தேன். கடைசியில் அவரே எழுந்து நின்று, முழுவதையும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்து, தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறையாகப் போனார்.

நடந்ததை நான் சொன்னால் சின்னதாகத்தான் இருக்கும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் ஏறினோம். கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு கல் புரண்டது. இடது கணுக்கால் விட்டுப்போனது. அந்த மலையில் போன் எடுக்காது. மணி ஒன்று ஐந்து. அத்தான் என்னைப் பாறையில் சாய்த்து உட்கார வைத்தார். "குறுக்கு வழியில ஒன்றரை மணி நேரத்துல ரோட்டுக்குப் போயிடுவேன். நாலரை, மிஞ்சிப் போனா அஞ்சு மணிக்குள்ள ஸ்ட்ரெச்சரோட ஆள் வந்துடும். நீ இடத்தை விட்டு அசையாதே" என்றார். அசையவில்லை. மூன்றரைக்கு மேகம் இறங்கியது. நாலரைக்கு மழை. அதே நாலரையைத் தாண்டித்தான் அத்தான் கீழே வனக்காவல் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆட்கள் என்னிடம் வந்தபோது ஏழரை. இருநூறு அடி கீழே ஆட்டுக்காரர்களின் கல்குடிசை ஒன்று இருந்தது. தவழ்ந்து போயிருக்கலாம். அசையாதே என்று சொன்னாரே என்று மூன்று மணி நேரம் மழையில் கிடந்தேன்.

"ஒரு மூணு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காலை நல்லாவே சரிபண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க அத்தான் உசிரைக் குடுத்து ஓடினாரு டாக்டர். மறுபக்கம் ஒரே மேகம்."

மூன்று ஆபரேஷன். இடது பாதம் இப்போது மடங்காது. அக்கா தன் வீட்டுப் பின்னறையை எனக்காக ஒழித்துக் கொடுத்தாள். அங்கேதான் இருந்தேன்.

அத்தான் வந்துபோன மறுநாள் எங்கள் சங்கத் தலைவர் வந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் 'சர்வேயர்'. கையில் ஒரு துணிப்பை.

"மலரில பக்கத்துக்கு அடியில காலியா விடாதம்மா. இதுல இருந்து நல்ல வரியாப் பொறுக்கிப் போடு" என்று பையைக் கவிழ்த்தார். ஏழு நோட்டுகள். உச்சிகளில் தகர டப்பாவுக்குள் சங்கம் வைக்கிற நோட்டுகள் அவை. ஏறி வருகிறவர்கள் தேதி, மணி, மனதில் பட்டது ஏதாவது எழுதிவிட்டு இறங்குவார்கள். நிறைந்ததும் யாராவது மாற்றிக்கொண்டு வருவார்கள். வந்த நோட்டு சங்க அலமாரியில் தூங்கும்.

ஈரம் குடித்து உப்பிப்போன பக்கங்கள். இரண்டு நாள் அதில்தான் கிடந்தேன். 'மூச்சு இருக்கிறது, முட்டி இல்லை' என்று ஒருவர். 'மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, இதற்கா?' என்று ஒருவர். 'மனைவி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே போனதும் எனக்கு இருக்கிறது' என்று ஒருவர். ஒரு பெண், 'இருபத்தி மூன்று வருஷமாகக் கீழே இருந்து பார்த்த இடம். இங்கிருந்து என் வீடு ஒரு புள்ளிகூட இல்லை. நல்லது' என்று எழுதியிருந்தாள். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது நோட்டு, நான் விழுந்த மலையினுடையது. அந்தத் தேதியைத் தேடினேன். அன்றைக்கு வேறு யாராவது மேலே இருந்திருந்தால், சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்குமே என்று வெறும் ஆசை.

அந்தத் தேதியில் ஒரே ஒரு பதிவு இருந்தது.

'பகல் 1.50. தொண்ணூற்றொன்பது! வானம் கண்ணாடி. கிழக்கே ஆறு மலை எண்ணினேன். சாப்பாடு இங்கேதான்.'

கீழே கையெழுத்து. கையெழுத்துக்கு மேல் ஒரு குட்டி முக்கோணம். மலையாம். அத்தான் மின்சார பில்லில்கூட அந்த முக்கோணத்தைப் போடுவார்.

நான் கத்தவில்லை. நோட்டை மூடினேன், திறந்தேன், மறுபடி படித்தேன். கணவாயிலிருந்து உச்சிக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். உச்சியிலிருந்து ஒரு சரிவு நேராக அந்தக் குறுக்கு வழியில் போய்ச் சேரும். என் பக்கம் வரவே வேண்டாம். ஒன்று ஐந்துக்கு என்னை விட்டுவிட்டு, பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறார். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மலை எண்ணியிருக்கிறார். அப்புறம் இறங்கியிருக்கிறார்.

அச்சக அலமாரியில் அவருடைய நூறு மலைப் பட்டியல் இருந்தது. மலரில் போடத் தந்தது. அந்த மலைக்கு எதிரே தேதி இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் எங்கே இருந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறவள், மறுநாளைக்கான வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நகலை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்கதான் சொல்லணும்."

கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நோட்டை எதுக்கு அந்த சர்வேயர் உன்கிட்ட குடுத்தான்?"

"ஒண்ணு அம்பதுக்கு நீங்க உச்சியில இருந்தீங்களா அத்தான்?"

"மணியைத் தப்பா எழுதியிருப்பேன்."

"தேதியும் தப்பா?"

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சாப்பாடும் தப்பா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நாப்பது நிமிஷம்! நாப்பதே நிமிஷம். மேல போன் எடுக்குமான்னு பாக்கப் போனேன். உனக்காகத்தான் போனேன்."

"எனக்காக ஆறு மலை எண்ணினீங்களா?"

"வாயை அடக்கிப் பேசு. ராப்பகலா ஆஸ்பத்திரியில உக்காந்தது யாரு? மூணு வருஷமா யார் வீட்டுல இருக்க?"

"அத்தான், நான் மழையில கிடந்தப்ப உங்களுக்காகப் பயந்தேன். மேகத்துல எங்கயாவது விழுந்துட்டீங்களோன்னு. என்னைப் பத்தி இல்ல, உங்களைப் பத்தி."

அப்போது இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"போதும்" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இவர் மேல போயிட்டு வந்தது. அன்னிக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவுலயே சொல்லிட்டாரு. அழுதாரு."

அத்தானைப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. அக்காவையேதான் பார்த்தேன். "நீ என்ன சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றே? உன் கால் போச்சு. அதோட சேர்ந்து என் குடும்பமும் போகணுமா? சொல்லியிருந்தா உன் கால் திரும்பி வந்துடுமா?" குரல் உயர்ந்துகொண்டே போனது. "கட்டு மாத்தினேன். குளிப்பாட்டினேன். வெந்நீர் வச்சுக் குடுத்தேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பேனா?"

"அது பாசம்னு நினைச்சேன்."

"பாசம் இல்லாம வேற என்ன?"

"வாய்ப்பூட்டு."

அக்கா கிட்டே வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். சின்ன வயதில்கூட என்னை அடித்ததில்லை. அவள் கை இஸ்திரிச் சூட்டில் கதகதவென்று இருந்தது. நான் பின்னறைக்குப் போய்த் துணிகளை எடுத்து வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. அத்தான் கதவருகே வந்து நின்று, "அந்த நோட்டு இப்ப எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அச்சகத்துக்கு மேலே காகிதம் அடுக்கி வைக்கிற அறை ஒன்று உண்டு. ஒற்று ஐயா காரணம் கேட்கவில்லை. காகிதக் கட்டுகளை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து நானும் 'மறக்க முடியாத ஏற்றம்' எழுதினேன். உறுப்பினர் என்ற முறையில் எனக்கும் ஒரு பக்கம் உண்டே.

ஐயா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படித்தார். இந்தத் தடவை ஒற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'கொடூரமான' என்ற வார்த்தையை அடித்தார். 'நயவஞ்சகமாக' என்பதை அடித்தார். 'ஈவிரக்கமற்ற' என்பதை இரண்டு தடவை அடித்தார்.

"ஏன் ஐயா?"

"மணி போதும். எத்தனை மணிக்கு எது நடந்ததுன்னு மட்டும் இருக்கட்டும். திட்டுறதைப் படிக்கிறவன் பாத்துக்குவான்."

மிஞ்சியது முப்பத்தொரு வரி.

சர்வேயர் அதைப் படித்துவிட்டு நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முக்கோணத்தை விரலால் தடவினார். இருபத்தைந்து வருஷமாக இருவரும் ஒரே சங்கம். "நூறு இப்படிச் செய்யற ஆள் இல்லையேம்மா" என்றார். பிறகு தானே, "ஆனா எழுதாம இறங்குற ஆளும் இல்ல" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். இரண்டு கட்டுரையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரட்டும். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். நடுவில் அந்த நோட்டுப் பக்கத்தின் படம்.

செய்தி எப்படிப் போனதோ, மறுநாள் காலை அத்தான் அச்சகத்தின் கண்ணாடிக் கதவை உடைக்காத குறையாகத் திறந்துகொண்டு வந்தார்.

"எடு அந்தப் பக்கத்தை!"

"தலைவர்கிட்ட பேசுங்க அத்தான்."

"யாருக்கு யாரு அத்தான்? இனிமே அந்த வார்த்தை உன் வாயில வரக்கூடாது." மேஜைமேல் இருந்த புரூஃபை எடுத்து நாலாகக் கிழித்தார். எட்டாகக் கிழித்தார். பின் அறையிலிருந்து ஐயா வந்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் கிழிப்பதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"கிழிங்க. மெஷின்ல இன்னும் ஐந்நூறு ஓடிட்டு இருக்கு" என்றார்.

அத்தான் கையில் இருந்ததைத் தரையில் வீசினார். என்னைப் பார்த்து, "உன்னை அங்கேயே விட்டிருக்கணும்" என்றார்.

"விட்டுட்டுத்தானே போனீங்க?"

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. அவர் முகம் வெளிறிப்போனது. கதவைத் திறந்து வைத்துவிட்டே போனார்.

வெள்ளிவிழாவை ஒரு வாடகை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வாசலிலேயே ஆளுக்கு ஒரு மலர் கொடுத்தார்கள். நாற்பது, ஐம்பது பேர். மேடையில் யாரோ வரவேற்புரை படித்துக்கொண்டிருந்தபோதே கீழே தாள் புரளும் சத்தம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு ஒவ்வொரு தலையாக முதலில் என் பக்கம் திரும்பியது, அப்புறம் முன்வரிசைக்கு. அத்தான் முன்வரிசையில் மார்பில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா.

அவர் வராமல் இருப்பார் என்று நினைத்தேன். வந்தது மட்டும் இல்லை, பேசவும் எழுந்தார். மைக்கைத் தொடவில்லை.

"ஆமா, போனேன்" என்றார். "மறைச்சேன், அதுவும் நிஜம். ஆனா ஒண்ணு கேக்கறேன். தொண்ணூத்தெட்டு முடிச்சு நிக்கிறீங்க. நாப்பது நிமிஷத்துல உச்சி. வானத்துல ஒரு பஞ்சு மேகம்கூட இல்ல. அவ பத்திரமா உக்காந்திருக்கா, ரத்தம் இல்ல, பேசறா. இந்த ஹால்ல யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லுங்க, நான் நிமிர்ந்துகூடப் பாக்காம இறங்கியிருப்பேன்னு."

ஒருத்தரும் எழவில்லை.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தம் வரும், 'வெட்கமா இல்லையா' என்று யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன். எனக்குக் கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்த பல் டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு ஐந்து மலை ஏறிய டீச்சர் மலரை விசிறியாக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்களும் அன்னிக்குப் பழைய ஷூ போட்டுட்டுத்தான் வந்தாங்க" என்றது. இன்னொரு குரல், "குடும்ப விஷயத்தை மலர்ல போட்டு, ச்சே" என்றது.

நான் எழுந்தேன்.

"நீங்க போயிருக்கலாம்" என்றேன். "உச்சிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். போங்கன்னுதான் சொல்லியிருப்பேன், நானும் மலை ஏறுறவதானே. அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கும், நாலரைக்கு ஆள் வராதுன்னு. மழைக்கு முன்னாடி குடிசைக்குத் தவழ்ந்து போயிருப்பேன். தண்ணியை மிச்சம் பிடிச்சிருப்பேன். நாப்பது நிமிஷம் என் காலை எடுக்கல. நீங்க சொன்ன நாலரைதான் எடுத்துச்சு."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயர் மேடையிலிருந்து, "போதும், ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். யாரும் உட்காரவில்லை. நான் பின்வாசலை நோக்கி நடந்தேன். வழியில் இருந்தவர்கள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டார்கள், என் கால்மேல் பட்டுவிடாமல் இருக்கவா, என்மேல் பட்டுவிடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா மலரைத் திறக்கவே இல்லை. மடியில் குப்புற வைத்திருந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் சங்கம் இரண்டாக உடைந்தது. அத்தான் ராஜினாமா செய்துவிட்டுப் புதுச் சங்கம் ஆரம்பித்தார். பாதிப்பேருக்கு மேல் அவரோடு போனார்கள். பல் டாக்டர் உட்பட. அவர்களைச் சொல்லிக் குற்றம் இல்லை, மலையேற்றம் என்றால் இந்த ஊரில் அவர்தான். மீதி இருந்த பதினாறு பேரில் சிலர் என்மேல் அன்பினால் இருந்தார்கள், சிலர் சோம்பலினால். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பஸ்ஸில், ஒரே மலைக்கு இரண்டு சங்கமும் போகும். முன்பக்கம் ஒரு கூட்டம், பின்பக்கம் ஒரு கூட்டம். டிரைவருக்கு மட்டும் இரண்டு கூட்டத்திடமும் பேச்சு.

அக்காவும் நானும் பேசவில்லை. ஒருமுறை கண் ஆஸ்பத்திரி வழியாகப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாருக்கோ டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "அடுத்தவங்க" என்று எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஆறு மாதம் ஆனது. ஒரு நாள் சர்வேயர், "அந்த மலைக்குப் போறோம். வர்றியா? எங்க முடியலையோ அங்க உக்காந்துடுவோம்" என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வருகிறேன் என்று வந்தது.

வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஐந்து பேர் போனோம். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறுகிற கணவாய்க்கு எனக்கு நாலு மணி நேரம் பிடித்தது. மடங்காத பாதத்தை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நேராக நடக்க முடியாது. பக்கவாட்டில் நண்டு மாதிரி போக வேண்டும். கையில் இரண்டு கம்பு. வழியில் பத்து இடத்தில் என்னை நானே திட்டினேன். மலையை இருபது இடத்தில் திட்டினேன்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே பாதை பாறையை ஒட்டிச் சுருங்கும். ஒருத்தர்தான் போகலாம். நான் அதற்குள் நுழைந்தபோது மேலேயிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. முதலில் அத்தான்.

என்னைப் பார்த்ததும் நின்றார். நானும் நின்றேன். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். மலைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், அவரே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தது. அவர் ஒதுங்கவில்லை. எனக்குப் பின்னால் நாலு பேர், அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லாரும் திடீரென்று வானத்தையும் செடியையும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? என்ன ஆச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தெரிந்த குரல். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற என் அக்கா, முகம் தக்காளியாகச் சிவந்து, தோளில் பையோடு எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். இரண்டு கம்பையும் பார்த்தாள்.

"ஒதுங்குங்க" என்றாள் அத்தானிடம்.

"அந்தப் பக்கம் சறுக்கும்…"

"சறுக்கட்டும். ஒதுங்குங்க."

அத்தான் சறுக்குகிற ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு கம்பாக ஊன்றி, அவர் சட்டைமேல் படாமல் அவரைத் தாண்டினேன். அவர் மூச்சுவிடுவது கேட்டது. ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். சொல்லவில்லை.

அக்காவுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அவள் கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்கோ."

"வேண்டாம்."

"திமிரு."

"ஆமா."

கல்லில் உட்கார்ந்து, காலைத் தூக்கிப் போட்டு, நானாக எழுந்தேன். நேரம் பிடித்தது. அவள் கையை மடக்கவே இல்லை, நீட்டியபடியே நின்றாள். எழுந்ததும் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றோம். வியர்வை வாடை.

"நீ எப்பல இருந்து மலை ஏறுறே?" என்று கேட்டேன்.

"நாலு மாசமா. இவரைத் தனியா அனுப்பறதில்ல" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "யாராவது விழுந்தா கூட உக்கார ஒரு ஆள் வேணும்ல?"

பின்னால் அத்தான் இருமினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மலரில் நான் முப்பத்தொரு வரியில் செய்ய முடியாததை அவள் ஒரு வரியில் செய்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து, வேறு யாருக்காகவோ உட்காரப் போகிறாளாம் என்றுதான் எரிந்தது.

"எனக்காக நீ உக்காந்திருக்கலாம்" என்றேன்.

நான் தாண்டிப் போனேன்.

கணவாயில் காற்று பலமாக இருந்தது. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். மணி ஒன்றரை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க இரண்டு மணிக்காவது நான் இறங்க ஆரம்பிக்க வேண்டும். உச்சி நினைப்பே இல்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க, நான் மெதுவா இறங்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"சேச்சே!" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில். சர்வேயர் தெர்மாஸைத் திறந்து எனக்கு முதலில் ஊற்றினார். டீச்சர் என் முதுகுக்குப் பின்னால் பையைத் திணித்தாள். அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள், மழையில் வீட்டுக்குள் பூட்டிய பிள்ளைகள் மாதிரி. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பேசும்போதும், மெல்லும்போதும், டீயை ஊதும்போதும் எல்லார் கண்ணும் உச்சியில்தான் இருந்தது.

இரண்டு மணிக்குக் கம்புகளை எடுத்துக்கொண்டு நான் முதல் ஆளாக இறங்க ஆரம்பித்தேன்.